கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் உள்ள ஹனியாவில் துறைமுக உணவகங்களில் சாப்பிடலாமா? எங்களில் இருவர் சைவம், இருவர் மீன் சாப்பிடுவோம்.

துறைமுகத்தில் காபி குடியுங்கள், சாப்பாட்டுக்கு வேறு இடம் பாருங்கள். அங்கே முன்வரிசை மேசைகளில் கொடுக்கிற காசில் பாதி கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பதற்குத்தான். ஆள் வாசலில் நின்று கூப்பிடுகிறாரா, மெனு முழுக்கப் படமா, நிற்காமல் நடையைக் கட்டுங்கள். மீனுக்கு மேற்கே கரையோரமாகக் கால் மணி நேரம் நடந்தால் நெயா ஹோரா என்ற கடற்கரைப் பகுதி வரும். சமைத்த காய்கறிக்கு ஸ்ப்லாண்ட்சியா சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகள்.

பெரிய மீனுக்குக் கிலோ கணக்கில்தான் விலை. சுத்தம் செய்வதற்கு முன் இருக்கும் எடைக்கே பில். கிலோ 60 யூரோ என்றால் 800 கிராம் மீன் ஒன்றுக்கு 48 யூரோ. அதனால் ஐஸ் பெட்டியருகே போய் மீனை நீங்களே காட்டி, கண்ணெதிரே நிறுக்கச் சொல்லி, தொகையைக் கேட்ட பிறகு சரி சொல்லுங்கள். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கூச்சப்பட்டவர்கள். சிப்பூரா, லவ்ராகி என்ற மீன்கள் இரண்டும் தட்டுக்கு அடங்கும் ஒரே அளவில் வரிசையாகக் கிடந்தால் அநேகமாகப் பண்ணை மீன். சாப்பிடலாம், ஆனால் கடல் மீன் விலை கொடுக்காதீர்கள். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்தது. கணவாய், இறாலில் இது சகஜம். என் கட்சி சின்ன மீன்: காவ்ரோஸ் நம் நெத்திலிக்கு உறவுக்காரன், சர்தெலா மத்தி. தட்டுக் கணக்கில் விலை, எடைக் குழப்பமே கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் வடகாற்று பலமாக அடிக்கும் நாட்களில் சிறு படகுகள் போகாது. அன்று மீனை விட்டுவிடுங்கள்.

சைவத்துக்கு கிரீட் நல்ல ஊர், ஆனால் மூன்று பொறிகள் உண்டு. 'காமோபிலாஃபோ' வெறும் வெண்சோறு போலத் தெரியும். இறைச்சி வேகவைத்த சாற்றில் வெந்த கல்யாணச் சோறு அது. 'நிஸ்திசிமோ' என்றால் நோன்பு உணவு. அதில் பால், முட்டை, கறி இருக்காது. கணவாயும் ஆக்டோபஸும் இருக்கலாம்! தக்காளி, குடைமிளகாயில் சோறு அடைத்த 'கெமிஸ்தா'வில் சில சமயம் கொத்துக்கறி கலந்திருக்கும். "ஹோரிஸ் க்ரேயாஸ்?" (கறி இல்லாமலா?) என்று கேட்டுவிடுங்கள். மீன், சாறு பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடியவை: பட்டாணிப் பருப்பு மசியலான ஃபாவா, தக்காளியில் வெந்த பெரிய மொச்சை போன்ற யிகாந்தெஸ், ஹனியா பூரேகி (உருளைக்கிழங்கு, சுரைக்காய் இனத்துக் கொலோகிதி, மிசித்ரா பாலாடைக்கட்டி, புதினா அடுக்கியது). பூரேகியில் மாவு மூடி இருந்தால் மேலே முட்டை தடவியிருக்கலாம். இப்படி எண்ணெயில் வெந்த காய்கறி வகைகளைக் காலையிலேயே செய்துவிடுவார்கள். மதியம் ஒன்றரைக்குப் போனால் எல்லாம் இருக்கும், இரவில் தீர்ந்துவிடும்.

உள்ளூர்க்காரர்கள் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வருவார்கள். ஏழரைக்கே போனால் காலி மேசை கிடைக்கும், அது மோசமான கடை என்பதற்கு அடையாளம் அல்ல. கேட்காமல் வரும் ரொட்டிக்குத் தலைக்கு ஒரு சிறு கட்டணம் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். கடைசியில் வரும் பழமும் சிக்குதியா சாராயமும் பெரும்பாலும் இலவசம்.