மழையே பெய்யாத மாதத்தில் வானிலைக் குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் முழங்கால் உயரக் கம்பில் ஒரு அதிகபட்ச - குறைந்தபட்ச வெப்பமானியும், பக்கத்தில் ஒரு மழைமானியும் வைத்திருக்கிறேன். தினமும் காலை 7 மணிக்கு அளவைக் குறித்துவிட்டு வெப்பமானியை மீட்டமைக்கிறேன். இந்தக் குளிர்கால மாதத்தில் மழையே இல்லை. பகலில் இதமான வெயில், இரவில் லேசான குளிர். என் குறைந்தபட்ச வெப்பநிலை, பக்கத்து வானிலை நிலையத்தின் அளவைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே வருகிறது. கருவி பழுதா? மழைக் கட்டத்தை இந்த மாதம் முழுக்கக் காலியாக விட்டுவிடலாமா?

பதில்: காலியாக விடாதீர்கள். பார்த்தேன், மழை இல்லை என்பதற்கு 0.0. பார்க்கவே இல்லை என்பதற்குத்தான் காலிக் கட்டம். ஐந்து வருஷம் கழித்து ஏட்டைப் புரட்டும்போது, அன்று வறட்சியா, நீங்கள் ஊரில் இல்லையா என்பதைச் சொல்ல அந்தப் பூஜ்யத்தைத் தவிர வேறு சாட்சி இருக்காது. நாலு துளி விழுந்து அளக்க முடியாமல் போனால் ‘ட்ரேஸ்’ என்று எழுதுவது வழக்கம். மாதக் கூட்டலில் அதற்கு மதிப்பு பூஜ்யம்தான். பனி அதிகம் இறங்கிய காலையில் மழைமானியில் 0.1 மில்லிமீட்டர் தேங்கியிருக்கக்கூடும். அதை எழுதுங்கள், பக்கத்தில் ‘பனி’ என்றும் குறியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அது மழை நாளாக எண்ணப்படும்.

இனி வெப்பமானி. எனக்குக் கருவிமேல் அவ்வளவு சந்தேகமில்லை, அது இருக்கும் இடத்தின்மேல்தான் சந்தேகம். மேகமில்லாத, காற்று அசையாத, வறண்ட இரவில் தரை தன் வெப்பத்தைத் தடையில்லாமல் வானத்துக்கு இழக்கிறது. மேகமும் நீராவியும் அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். இந்த மாதத்தில் இரண்டுமே குறைவு. தரை குளிர, தரையைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. கலக்கிவிடக் காற்றில்லாததால் அது அங்கேயே படிந்துவிடுகிறது. அதனால் விடியற்காலையில் புல்மட்டத்துக்கும் ஆள் உயரத்துக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் சாதாரணம். உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர். உங்கள் முழங்கால் உயரம் அதற்கு நன்றாகக் கீழே. போதாக்குறைக்கு, மூடாக்கு இல்லாத வெப்பமானி தானும் வானத்துக்கு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வெள்ளையடித்த, பக்கங்களில் சாய்ந்த பலகைகள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள் நிலையங்கள் வெப்பமானியை வைப்பது வெயிலுக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

பழுதா இல்லையா என்று தீர்மானிக்க உங்கள் ஏடே போதும். மேகம் மூடிய இரவுகளையும் காற்றடித்த இரவுகளையும் தனியே எடுத்துப் பாருங்கள். அந்த நாட்களில் நிலையத்தோடு உள்ள வித்தியாசம் சுருங்கினால், கருவி சரி, இடம்தான் காரணம். எல்லா இரவிலும் ஒரே அளவு குறைந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம். நீரில் நனைக்கக்கூடிய வகை என்றால், பொடித்த பனிக்கட்டியும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைத்துக் கலக்குங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். இப்படிப்பட்ட சோதனைகளுக்கு, ஒன்றுமே நடக்காத இந்த மாதத்தைவிட நல்ல காலம் கிடையாது. மழையும் புயலும் வரும்போது இடத்தின் குறைகள் அந்த ஆரவாரத்தில் மறைந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். காலை 7 மணிக்கு மீட்டமைப்பதுதான் உங்கள் ஏட்டின் பெரிய பிழை. ஒரு செவ்வாய் விடியலில் 11.5 டிகிரி பதிவாகிறது, நீங்கள் மீட்டமைக்கும்போது 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு மேகம் வந்து 16 டிகிரிக்குக் கீழே போகவே இல்லை. ஆனால் கடைசியாக மீட்டமைத்ததிலிருந்து வந்த மிகக் குறைந்த அளவையே காட்டும் உங்கள் கருவி புதன் காலை காட்டுவது 12. அது செவ்வாய்க்கிழமையின் குளிர்! ஒரே குளிரை இரண்டு நாள் கணக்கில் எழுதிவிட்டீர்கள். மாதச் சராசரி தானாகக் கீழே இறங்கும். இன்னொன்று, நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் சூரிய உதயத்தை ஒட்டி, சில சமயம் அதற்குச் சற்றுப் பின்னால்தான் வரும். தாமதமாக விடியும் குளிர்காலத்தில் 7 மணிக்கு அது இன்னும் வந்திருக்கவே வேண்டியதில்லை. எனவே குறைந்தபட்சத்தைக் காலை ஒன்பது மணிவாக்கில் படியுங்கள், அதிகபட்சத்தை இருட்டியபின் படியுங்கள், மீட்டமைப்பதை அப்போது ஒரே தடவை செய்யுங்கள். மழை அளவை மட்டும் வழக்கம்போல் காலையில், ஒரே நேரத்தில்.

எண்கள் சலிப்பூட்டினால் ஈரப்பதத்தைக் கவனியுங்கள். வறண்ட மாதத்தில் காலை 87 சதவீதம், மதியம் 32 சதவீதம் என்று வந்தால் பலர் காற்று காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். காற்றிலுள்ள நீராவி மாறாமலே இது நடக்கும். பனிநிலை, அதாவது காற்றைக் குளிரவைத்தால் பனித்துளி படியத் தொடங்கும் வெப்பநிலை, நாள் முழுக்க 10 டிகிரி என்றால் 12 டிகிரிக் காலையில் ஈரப்பதம் ஏறக்குறைய 87, 28 டிகிரி மதியத்தில் 32. வெப்பநிலை ஏறியதுதான் மாற்றம். ஆகவே பனிநிலைக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். பல நாள் 10-ல் நின்றது திடீரென்று 16-க்குத் தாவினால், ஈரக்காற்று வந்து சேர்ந்துவிட்டது. அன்றிரவு குளிர் குறையும், மூடுபனியும் வரலாம். காற்றழுத்தமானி இருந்தால் ஓர் எச்சரிக்கை: வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் காலை பத்து மணிவாக்கில் ஏறி மாலை நான்கு மணிவாக்கில் இறங்குவது தினசரி நடப்பு. அதைப் பார்த்து மழை வருமென்று சொல்லிவிடாதீர்கள். நேற்று இதே நேரத்து அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேகத்தை வானத்தின் எட்டில் எத்தனை பங்கு என்றும், காற்றைப் புகை நேரே ஏறுகிறதா, இலை சலசலக்கிறதா என்றும் குறித்தால் போதும்.

மழைமானியையும் சும்மா விட வேண்டாம். வறண்ட வாரங்களில்தான் புனலுக்குள் சிலந்தி வலை கட்டும், சருகு அடைக்கும். தானியங்கி வகையென்றால் உள்ளே சாயும் சிறு கிண்ணமே சிக்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். புனலின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 200 மில்லிலிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். அந்தச் சோதனையின் அளவு மாதக் கூட்டலில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானியை உயர்த்தி, மூடாக்கோடு வைப்பதென்று முடிவு செய்தால், பழைய இடத்திலும் ஒன்றைச் சில வாரங்கள் விட்டுவையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் படித்தால் பழைய அளவுகளைப் புதியவற்றோடு ஒப்பிட ஒரு வழி கிடைக்கும். இடம் மாறிய தேதியை ஏட்டின் அதே பக்கத்தில் எழுதுங்கள். தவறவிட்ட நாட்களை ஊகித்து நிரப்பாமல், அளவு உள்ள நாட்களைக் கொண்டே சராசரி போட்டு, எத்தனை நாள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.