'புட் மீ இன் மை பிளேஸ்' என்று எழுதிவிட்டேன், வாடிக்கையாளர் ஏன் சிரித்தார்?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சரக்கு தாமதமானதால் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கடுமையாக மெயில் அனுப்பியிருந்தார். 'என் நிலைமையில் இருந்து பாருங்கள்' என்று சொல்ல நினைத்து, 'பிளீஸ் புட் மீ இன் மை பிளேஸ்' என்று பதில் எழுதினேன். திரும்பி வந்தது ஒரு சிரிப்பு முகம் மட்டும். மேலாளரும் பார்த்துவிட்டுச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. அகராதியில் 'பிளேஸ்' என்றால் இடம் என்றுதான் இருக்கிறது. நான் போகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இந்த ஒரு சொல்லுக்கே நாற்பது அர்த்தம் போட்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யத்தான் வேண்டுமா? அந்த வகுப்பில் 'பிளேஸ்மென்ட்' உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: கவலையை விடுங்கள். நீங்கள் யாரையும் திட்டவில்லை. உங்களைத் திட்டச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒருவரை 'அவருடைய இடத்தில் வைப்பது' என்றால் ஆங்கிலத்தில் அவர் தலைக்கனத்தை இறக்குவது. 'நான் ரொம்பத் துள்ளுகிறேன், கொஞ்சம் அடக்கி வையுங்கள்' என்று கோபத்தில் இருக்கிற மனிதரிடம் நீங்களே பணிவாகக் கேட்டால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? நல்ல மனிதர், கோபம்கூடச் சற்றுக் குறைந்திருக்கும். இதற்கு விளக்கம் சொல்லி இன்னொரு மெயில் போட்டுவிடாதீர்கள்.

நாற்பது அர்த்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். குதிரைப் பந்தயத்தில் 'பிளேஸ்' என்றால் அமெரிக்காவில் இரண்டாவதாக வருவது, பிரிட்டனில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து முதல் இரண்டு, மூன்று அல்லது நான்கு குதிரைகளுக்குள் வருவது என்பதுவரை போட்டிருப்பார்கள். சரக்கு அனுப்புகிற உங்களுக்கு அது எதற்கு? பட்டியல் நீளமாக இருந்தால்தான் கொடுத்த கட்டணத்துக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும் என்பதற்காகத் தருகிறார்கள்.

'இடம்' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மனை வாங்கினாலும் 'இடம் வாங்கியிருக்கிறேன்' என்கிறோம். பேருந்தில் ஏறினால் 'இடம் இருக்கா?' தேர்வில் முதல் இடம். கணக்கில் பத்தாம் இடம், நூறாம் இடம். 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்கிறோம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்கிறோம். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் 'இடம்'தான். போதாக்குறைக்கு வலத்துக்கு எதிர்ப்பக்கமும் இடம். யாராவது உங்களை உட்காரவைத்து இதற்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களா? பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்தே பொருளைப் பிடித்தீர்கள். 'பிளேஸ்' என்ற சொல்லையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

அது பிறந்த கதையும் எளிது. கிரேக்கத்தில் 'பிளாட்டேயா' என்றால் அகன்ற தெரு. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்பானிய 'பிளாசா'வும் இத்தாலிய 'பியாட்சா'வும் அதன் உடன்பிறப்புகள். முகவரியில் தெருப்பெயரின் வாலாக 'பிளேஸ்' வந்தால் அது அந்தப் பழைய தெருவின் மிச்சம். தட்டையாக இருக்கும் ஒரு கடல்மீனுக்கும் இதே உச்சரிப்பில் பெயர் உண்டு, எழுத்து மட்டும் வேறு. அதற்கும் வேர் அகலம், தட்டை என்ற அதே பொருள்தான். 'பிளேஸ்' வருவதற்கு முன் ஆங்கிலேயர் சொன்னது 'ஸ்டெட்' என்ற பழைய சொல். 'இன்ஸ்டெட்' என்று தினமும் எழுதுகிறீர்களே, அதற்குள் 'அதனுடைய இடத்தில்' என்ற பொருள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் தொடங்கியது எந்த இடத்துக்கும் ஆகி, பிறகு இருக்கைக்கும் வீட்டுக்கும் வரிசைக்கும் தகுதிக்கும் பரவியது. 'இடம்' போன அதே வழி.

அலுவலக மெயிலில் அடிக்கடி கண்ணில் படுவது ஆறேழு ஜோடிதான். 'டேக் பிளேஸ்' என்றால் நடப்பது, பெரும்பாலும் ஏற்பாடு செய்து நடப்பது. 'மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்' என்று எழுதுகிறவர்களை இன்றைக்கும் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கூட்டம் தானாக 'டுக் பிளேஸ்', அதைப் பிடித்து யாரும் எடுத்துப் போகவில்லை. 'பிளேஸ் ஆன் ஆர்டர்' என்றால் ஆர்டர் கொடுப்பது. 'சேஃப்டி செக்ஸ் ஆர் இன் பிளேஸ்' என்றால் அந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது, எந்த அறையில் என்று தேட வேண்டாம். 'இட்ஸ் நாட் மை பிளேஸ் டு சே' என்றால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'ஐ கான்ட் பிளேஸ் ஹிம்' என்றால் முகம் தெரிகிறது, எங்கே பார்த்தோம் என்று நினைவுக்கு வரவில்லை. உங்கள் அறிக்கை 'ஆல் ஓவர் த பிளேஸ்' என்று மேலாளர் எழுதினால், அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். தலையும் இல்லை காலும் இல்லை என்கிறார். 'கம் ஓவர் டு மை பிளேஸ்' என்றால் வீட்டுக்கு வா என்பது. ஊருக்கு வா என்பதாக நினைத்துப் பெட்டி கட்டாதீர்கள்.

இப்போது உங்களை மாட்டிவிட்ட ஜோடிக்கு வருகிறேன். பக்கத்துச் சொல்லைப் பார் என்றேனே, அந்த விதி இங்கே மட்டும் பத்தாது. 'புட்' அதே, 'இன்' அதே, 'பிளேஸ்' அதே. ஆனால் பொருள் நாலு. ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

'வீ புட் நியூ ரூல்ஸ் இன் பிளேஸ்.' இங்கே பிளேஸுக்கு முன்னால் யாருடையது என்ற சொல்லே இல்லை. புது விதிகளைக் கொண்டுவந்தோம் என்று பொருள்.

'புட் த ஃபைல் இன் இட்ஸ் பிளேஸ்.' வைக்கப்படுவது பொருள். எடுத்த இடத்தில் வை.

'ஷீ புட் ஹிம் இன் ஹிஸ் பிளேஸ்.' வைக்கப்படுவது ஆள், இடமும் அதே ஆளுடையது. வாலை ஒட்ட நறுக்கிவிட்டாள்.

'புட் யுவர்செல்ஃப் இன் ஹிஸ் பிளேஸ்.' வைக்கப்படுவது நீங்கள், இடம் அவருடையது. அவர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். ஆளும் இடமும் ஒருவருடையதே என்றால் அது அடி. ஒருவரை இன்னொருவர் இடத்தில் வைத்தால் அது பரிவு. நீங்கள் 'மீ' என்றும் 'மை' என்றும் போட்டீர்கள், ஆளும் நீங்கள், இடமும் உங்களுடையது, ஆகவே அடி. 'புட் யுவர்செல்ஃப் இன் மை பிளேஸ்' என்று போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். தமிழில் 'என் இடத்தில் இருந்து பாருங்கள்' என்னும்போது 'உங்களை வைத்து' என்பதை நாம் வாயால் சொல்வதில்லை, கேட்பவருக்கே புரியும். ஆங்கிலத்தில் 'புட்' போட்டுவிட்டால் யாரை வைக்க வேண்டும் என்று சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலி இடத்தில் அவசரத்துக்கு 'மீ' வந்து உட்கார்ந்துவிட்டது. தடுமாற்றமாக இருந்தால் 'பிளேஸ்' என்பதை விட்டுவிட்டு 'ஷூஸ்' போடுங்கள். 'புட் யுவர்செல்ஃப் இன் மை ஷூஸ்.' செருப்புக்கு அவமானப் பொருள் வராதது நம் ஆட்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில் இந்த இடத்தில் அதுதான் பத்திரமானது.

எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கிறது. தமிழ் 'இடம்' வந்த எல்லாவற்றுக்கும் 'பிளேஸ்' போட்டுவிடக் கூடாது. கன்டெய்னரில் இடமில்லை என்பதற்கு 'நோ பிளேஸ் இன் த கன்டெய்னர்' என்று எழுதுகிறார்கள். கொள்ளும் அளவு என்றால் 'ரூம்' அல்லது 'ஸ்பேஸ்'. உட்காரும் இடம் 'சீட்'. விழா நடக்கும் இடம் 'வென்யூ'. கட்டடம் எழும்பும் இடம் 'சைட்'. இவ்வளவையும் 'பிளேஸ் - இடம்' என்று ஒரே கோட்டில் முடித்துவிட்ட பாடத்திட்டத்தை என்ன சொல்வது? சொல்லுக்கு நேரே சொல் எழுது, ஒரு மதிப்பெண் வாங்கு, மறந்துவிடு என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 'பட்டதாரிக்கு ஒரு மெயில் எழுதத் தெரியவில்லை' என்று அவர்களே அங்கலாய்க்கிறார்கள்.

கேள்வியின் வாலில் ஒன்று சொன்னீர்களே, வகுப்பில் 'பிளேஸ்மென்ட்' உண்டு என்று. மெயில் பிழையால் உங்களுக்குப் போனது அரை மணி நேர வெட்கம். இந்தச் சொல்லால் போவது பணம்.

'பிளேஸ்மென்ட்' என்ற சொல்லுக்கு இந்திய ஆங்கிலத்தில் வேலை கிடைப்பது என்று பொருள். 'காட் பிளேஸ்ட்' என்றால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பிரிட்டன் பல்கலைக்கழகக் கையேட்டில் 'பிளேஸ்மென்ட் இயர்' என்று இருந்தால் அது படிப்பின் ஒரு பகுதியாக ஒரு நிறுவனத்தில் பெறும் வேலைப் பயிற்சி. சில பயிற்சிகளில் சம்பளம் உண்டு, சிலவற்றில் இல்லை. பல படிப்புகளில் அந்த வாய்ப்பை மாணவரேதான் தேடிப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் வேலை என்று எந்த உறுதியும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் அந்தக் கையேட்டைப் பெற்றோருக்கு எப்படி மொழிபெயர்ப்பார் தெரியுமா? 'படிப்போடு வேலை.' பொய் சொன்னார் என்று பிடிக்கவும் முடியாது. 'கையேட்டில் பிளேஸ்மென்ட் என்றுதானே இருக்கிறது' என்பார்.

உள்ளூர்ப் பயிற்சி நிலையங்களின் வித்தை வேறு. '100 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும், அடியில் சின்னதாக 'அசிஸ்டன்ஸ்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். உதவி என்பது உங்கள் பயோடேட்டாவை நாலு மெயில் முகவரிக்கு அனுப்புவதாகவும் இருக்கலாம். அந்த உதவியை அவர்கள் நூறு சதவீதம் செய்துவிடுவார்கள், சந்தேகமே இல்லை. சேர்வதற்கு முன் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: எந்த நிறுவனம், என்ன வேலை, வேலை கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்ப வருமா. வாயால் சொல்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நிலையங்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கட்டும், நல்லவர்கள் எழுதிக் கொடுக்கட்டும்.

மூன்றாவதாக 'பிளேஸ்மென்ட் டெஸ்ட்'. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு ஒரு மொழிப் பள்ளியிலிருந்து இந்தப் பெயரில் அழைப்பு வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, மெருகேற்றிய ஷூ, பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள் என்று போய் நின்றான். அங்கே ஒரு தாளைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, கடைசியில் 'நீ இரண்டாம் நிலை வகுப்பில் உட்கார்' என்றார்கள். யாரை எந்த வகுப்பில் வைப்பது என்று பார்க்கும் தேர்வு அது, அவ்வளவே. 'எவ்வளவு சம்பளம் என்று கேட்டுவிட்டேன் சார்' என்று அவன் பிறகு சொன்னபோது எனக்குச் சிரிக்கவும் மனம் வரவில்லை.

படிவங்களைப் பற்றியும் ஒரு வரி. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு சேர்ந்து 'பிளேஸ்' என்று இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடும் ஊரை எழுதுங்கள், பிறந்த ஊரையோ சொந்த ஊரையோ அல்ல. பிறந்த ஊர் வேண்டுமென்றால் 'பிளேஸ் ஆஃப் பர்த்' என்று தனியாகக் கேட்பார்கள், அங்கேயும் மருத்துவமனையின் பெயரை எழுதாதீர்கள், ஊர் போதும். இதை விளக்கிப் படிவத்திலேயே நாலு சொல் அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. தப்பாக நிரப்பினால் திருப்பி அனுப்ப மட்டும் தெரிகிறது.

அந்த வாடிக்கையாளருக்கு இன்று மெயில் போடுங்கள். சரக்கு எந்தத் தேதியில் கிளம்பும், எந்தத் தேதியில் வந்து சேரும், தாமதத்துக்கு என்ன காரணம் என்று மூன்று வரி. கோபமாக இருக்கிறவருக்கு வேண்டியது அந்தத் தேதி. உங்கள் நிலைமையையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் 'ஐ ஹோப் யூ அண்டர்ஸ்டாண்ட் அவர் சிச்சுவேஷன்' என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.