பம்பைக் கழற்றும் முன்: பழைய டீசல் இயந்திரங்கள், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய எக்ஸ்கவேட்டர். காலையில் ஸ்டார்ட் ஆகி அரை நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கைப்பம்பை அடித்தால் மறுபடி ஓடும். பிறகு மாலைவரை தொல்லையில்லை. டீசல் எங்கும் சொட்டவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்பை (டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் பம்ப்) கழற்றிக் கேலிபரேஷனுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். நீங்கள் சொல்வது அத்தனையும் லைனில் ஏர் பிடிப்பதற்கான அடையாளம். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள பைப்பில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே நுண்ணிய ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். 'சொட்டவில்லை, அதனால் லைன் சரி' என்று பலர் ஏமாறுவது இதனால்தான். இரவு முழுக்க அந்த வழியாகக் காற்று ஏற ஏற, பைப்பில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சம் இருப்பதை வைத்து இன்ஜின் அரை நிமிடம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஃபீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் இடையே ஒரு முழ நீளத்துக்கு, உள்ளே ஓடுவது தெரிகிற, டீசல் தாங்கும் ஹோஸை மாட்டி ஓடவிடுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். விடாமல் வந்தால் காற்று நுழைகிறது. அடுத்து டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து ஃபீட் பம்பின் இன்லெட்டுக்கு நேராக ஒரு ஹோஸ் கொடுங்கள். கேன் தரையில் இருக்கட்டும். மேலே தூக்கி வைத்தால் டீசல் தானாக இறங்கிவந்து கோளாறை மறைத்துவிடும். இப்போது குமிழி நின்றால் குறை டேங்க் பக்கம். நிற்காவிட்டால் ஃபீட் பம்பின் பிரைமர் (கைப்பம்பு) சீல் அல்லது இன்லெட் வாஷர்.

டேங்க் பக்கம் என்றால் முதல் சந்தேகம், தண்ணீரும் அழுக்கும் தங்கும் கிண்ணமான செடிமென்ட் பௌலின் ரப்பர் கேஸ்கெட். அடுத்தது கிளிப் இறுகும் இடத்தில் வெடித்துப்போன ஹோஸ். மூன்றாவது, பைப்பை இணைக்கும் உள்துளை கொண்ட பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர்: ஒருமுறை இறுக்கியது கெட்டிப்பட்டுவிடும், புதிது போடுவதே நல்லது, கிடைக்காவிட்டால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, கரியைத் துடைத்துப் போடலாம். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதியானதும் தொல்லை தொடங்கினால், டேங்குக்குள் இறங்கும் பிக்கப் ட்யூபில் துருவோட்டை இருக்கிறதா பாருங்கள். டெஃப்லான் டேப் மட்டும் எங்கும் சுற்றாதீர்கள். அதன் நூல் பிரிந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குத்தான் நேராகப் போகும்.

கேள்வி: ஃபில்டர் மாற்றிய பிறகு பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஃபில்டர் மாற்றும்போது லைனில் ஏர் புகுந்திருக்கும். அதை எடுப்பது டேங்கிலிருந்து நாசிலை நோக்கிப் போகவேண்டும். முதலில் ஃபில்டர் தலையில் உள்ள, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை போய் வெறும் டீசல் வரும்வரை பிரைமரை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் ஸ்குரூ. கடைசியாக, நாசில் பக்கத்து பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் வைத்து செல்ஃப் அடித்தால் ஒவ்வொன்றிலும் டீசல் துளிர்க்கும். அதன் பிறகு இறுக்குங்கள். ஒரு தடவைக்கு 15 விநாடி போதும், நடுவே 2 நிமிடம் மோட்டார் ஆறட்டும்.

டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வகை ஃபீட் பம்பின் கை லீவர் தொளதொளவென்று ஆடி டீசலே ஏறவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். இன்ஜினின் கேம் மேடு பம்பின் உள் லீவரைத் தூக்கிப் பிடித்திருக்கும். இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். ஸ்டாப் சொலனாய்டு (டீசலை அடைத்துத் திறக்கும் மின் வால்வு) உள்ள பெரும்பாலான இன்ஜின்களில் சாவி போட்டதும் 'டக்' என்ற சத்தம் வரவேண்டும். வராவிட்டால் எத்தனை ஏர் எடுத்தும் பயனில்லை.

புது ஃபில்டரின் நடு ஓட்டையில் டீசல் ஊற்றி நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான ஸ்பின்-ஆன் ஃபில்டர்களில் அது வடிகட்டிய பக்கம். கேனில் உள்ள தூசி தடையின்றி பம்புக்குப் போகும்.

கேள்வி: லோடில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஃபில்டர் இரண்டும் புதிது. காலியாக ஓடினால் குறையே தெரியவில்லை.

காலியாக ஓடும்போது டீசல் கொஞ்சம்தான் தேவை, அடைப்பு தெரியாது. செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்: திணறும் நேரத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, இயந்திரமும் தேறினால் மூடியின் பிரீதர் அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பிக்கப் ட்யூபின் நுனியில் உள்ள சல்லடை, ஃபீட் பம்புக்குள் உள்ள சின்ன சல்லடை இரண்டையும் பாருங்கள். இரண்டாவது சல்லடை இருப்பதே பலருக்குத் தெரியாது.

எல்லாம் சுத்தமாக இருந்தால், இன்லைன் பம்புக்கு (சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் வகை) டீசல் நுழையும் இடத்தில் கேஜ் மாட்டி லோடில் பாருங்கள். பல இன்லைன் பம்புகளில் அங்கே 1 முதல் 1.5 பார் நிற்கவேண்டும்; உங்கள் மேனுவலில் உள்ளதே முடிவு. ரிட்டர்னில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் சுலபமாக டேங்குக்குத் திரும்பிவிடும், பம்பில் அழுத்தம் நிற்காது. அந்த வால்வுக்குப் பதில் சாதாரண பேன்ஜோ போல்ட் போட்டிருப்பதும் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வால்வு இருக்காது.

கேள்வி: ரோட்டரி பம்ப் (ஒரே ரோட்டர் சுழன்று எல்லா சிலிண்டருக்கும் டீசல் பங்கிடும் வகை) உள்ள லோடர். குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சூடாக நிறுத்தினால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

செல்ஃப் வேகம் சரி, ஏர் இல்லை என்று உறுதியான பிறகு இதைச் செய்யுங்கள்: இன்ஜின் நின்ற நிலையில் ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பம்பின் ஹெட்டும் அதற்குள் சுழலும் ரோட்டரும் தேய்ந்துவிட்டன. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளியில் நழுவுகிறது. செல்ஃப் வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழுவதில்லை. ஓடும் பம்பின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றிவிடாதீர்கள், ஜாம் ஆகும். இங்கே மட்டும் பம்பைக் கழற்றத்தான் வேண்டும். ரோட்டரி பம்புக்கு டீசலே மசகு என்பதால், தண்ணீரும் மண்ணெண்ணெய்க் கலப்பும் இதை முதலில் தின்னும்.

கேள்வி: ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். எதுவென்று கண்டுபிடிப்பது எப்படி?

ஐடிலில் ஒவ்வொரு பைப் நட்டையும் தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான். அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறை கூடவே போனால் நாசில். அங்கேயே நின்றால், அந்த பைப்புக்கு டீசல் விடும் பம்பின் டெலிவரி வால்வு அல்லது சிலிண்டரின் கம்ப்ரஷன். மாற்றும்போது பழைய காப்பர் வாஷர் குழிக்குள் ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் புதிது போட்டால் நாசில் நுனி மேலே ஏறி, புகை கக்கும்.

ஓடும்போது நட்டைத் தளர்த்துவது பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் உள்ள புது வகை) இன்ஜினில் ஓடும்போது நட்டைத் தொடக்கூடாது. பழைய நாசில்களே 200 பார் அளவில் பீய்ச்சும், விரலைத் துளைத்துவிடும். காயம் ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், வலியும் குறைவு; ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் 'டீசல் உள்ளே பாய்ந்தது' என்று சொல்லவேண்டும். அறுவை சிகிச்சை தாமதித்தால் விரலே போகலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடியுங்கள்.

கேள்வி: இன்ஜின் ஆயில் அளவு தானாகக் கூடுகிறது. நல்லதுதானே?

இல்லை, டீசல் கலக்கிறது. கிழிந்த ஃபீட் பம்ப் டயாஃப்ரம், பம்ப் ஷாஃப்ட் சீல், ஒழுகும் நாசில், இந்த வரிசையில் பாருங்கள். கூலன்ட் கலந்தாலும் அளவு கூடும், ஆனால் ஆயில் பால்போல வெளுக்கும். சரிசெய்து ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் ஓட்டினால் பேரிங் போகும்.

கேள்வி: டீசலைத் துத்தநாகம் பூசிய டிரம்மில் வைக்கலாமா?

கூடாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பிசினாகி நாசிலில் படியும். சாதாரண இரும்பு டிரம் போதும். நிரப்பியபின் ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியில் ஒரு சாண் விட்டு மேலே உள்ளதை எடுங்கள். அடியில் கறுப்பாக, வழவழவென்று சளிபோல வந்தால் அது தண்ணீர் இருக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர். முதலில் தண்ணீரை வடித்து டிரம்மைக் கழுவவேண்டும். நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து அதற்குப் பிறகுதான். இயந்திரத்தின் டேங்கை வேலை முடிந்த கையோடு மாலையிலேயே நிரப்பிவிட்டால் இரவில் உள்ளே பனி கோக்காது.