படகை நங்கூரம் போட்டு நிறுத்துறதுல உங்களுக்கு நடந்த கஷ்டமான அனுபவம் என்ன? அதுல என்ன கத்துக்கிட்டீங்க?

எங்க ஊரு பாம்பன். மாமாவோட வல்லத்துல பத்து வருஷத்துக்கு மேல கடலுக்குப் போறேன், ஃபைபர் வல்லம், 32 அடி, உள்ள டீசல் இன்ஜின். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எங்க தீவுக்கு வடக்க இருக்கிறது வடகடல், அதாவது பாக் விரிகுடா, தெற்க இருக்கிறது தென்கடல், மன்னார் வளைகுடா. சோழகம், அதாவது தெக்கத்திக் காத்து அடிக்கிற மாசத்துல தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கெடக்கும். ஐப்பசிக்கு மேல வாடை, அதாவது வடக்கத்திக் காத்து எறங்கிட்டா அப்படியே தலைகீழ். அதனால புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா வடக்க கெடக்குற நிறைய வல்லம் பாம்பன் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு தெற்க வந்து குந்துகால் பக்கம் ஒதுங்கும்.

அந்தக் கார்த்திகையிலயும் அப்படித்தான் கூண்டு ஏத்துனாங்க. மாமாவுக்குக் காய்ச்சல், நானும் மச்சானும் மட்டும்தான் வல்லத்தை எடுத்தோம், கெளம்பவே நேரமாயிருச்சு, குந்துகால் வந்து சேரும்போது மசமசன்னு இருட்டிருச்சு, முன்னாடியே வந்த போட்டெல்லாம் நெருக்கி நிக்குது. ஆழம் 2 பாகம், அதாவது 12 அடி. வாடைக்காத்தும் நீரோட்டமும் ரெண்டும் தெற்காம தள்ளுது, பின்னாடி குருசடைத் தீவுப் பக்கம் பார், அதாவது பவளப்பாறை இருக்கு, அதுல வல்லம் மோதினா ஃபைபர் தாங்காது.

ரெண்டு போட்டுக்கு நடுவுல ஒரு சந்து கெடச்சதும் வல்லம் நிக்கிறதுக்கு முன்னாடியே மச்சான் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுட்டான், சங்கிலி மொத்தமும் அது தலை மேலயே கொட்டிருச்சு. பக்கத்துப் போட்டுல இடிச்சிருவோமோன்னு நான் 40 அடிக்கு மேல கயிறு விடல. நின்ன மாதிரி இருந்துச்சு, சாப்பிட்டுட்டுப் படுத்துட்டோம்.

நடுராத்திரி மழையோட காத்து ஏறுச்சு. எனக்கு முழிப்பு வந்தது சத்தத்துல, அதுவரைக்கும் தண்ணி அணியத்துல, அதாவது வல்லத்தோட முன்பக்கத்துல சளப்சளப்னு அடிச்சிக்கிட்டு இருந்தது திடீர்னு அடங்கிப்போச்சு. எந்திரிச்சுப் போயி கயித்துல கைய வச்சேன். நங்கூரம் புடிச்சு நின்னா கயிறு வெறைப்பா, மெதுவா இழுத்து இழுத்து விடும். அன்னைக்கு உள்ளங்கையில குடுகுடுன்னு அதிருச்சு, ஒரு நிமிஷம் விட்டுப்போயி மறுபடி குடுகுடு. பக்கவாட்டுல கரையில ரெண்டு லைட்டு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா படுக்கும்போது பார்த்து வச்சிருந்தேன், அது ரெண்டும் பிரிஞ்சு நின்னுச்சு. வல்லம் பின்னாடி போய்க்கிட்டே இருக்கு.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி மெதுவா முன்னாடி கொடுத்து நங்கூரத்தை ஏத்துனா, இரும்பே கண்ணுக்குத் தெரியல. நாலு கொக்கியையும் சுத்திக் கடல்புல்லு, ஒரு பெரிய பந்து மாதிரி. எங்க பக்கம் கடலடியில புல்லு ரொம்ப, அதுக்கு மேல விழுந்தா கொக்கி மண்ணைத் தொடவே தொடாது, புல்லை வாரிக்கிட்டு வழுக்கும். மச்சான் கத்தியால அறுத்து எடுக்கவே நேரம் போச்சு, அதுக்குள்ள பக்கத்துப் போட்டுக் கயிறு எங்க ப்ரொப்பல்லருக்கு ரெண்டு முழம் கிட்ட வந்துருச்சு. ரெண்டாவது தடவை போட்டோம், அதுவும் புடிக்கல.

அப்பதான் பக்கத்துப் போட்டுல இருந்த ஒரு பெரியவர் டார்ச் அடிச்சுக் கத்துனாரு, "கயித்த விடுறா தம்பி, ஏன் கையிலயே வச்சிருக்க! கம்பு விட்டுப் பாத்தியா?" அந்த வார்த்தையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். கூட்டத்தை விட்டு வெளிய கொஞ்சம் தள்ளிப் போயி தாங்கு கம்பை எறக்கிக் குத்திப் பார்த்தோம், புல்லுன்னா மெத்துன்னு இருக்கும், பார்னா டக்குனு தட்டும், மணல்னா நறநறன்னு ஏறும். நறநறங்குற எடத்துல வல்லத்தை முழுசா நிறுத்தி, அது பின்னாடி நகர ஆரம்பிச்ச பிறகு நங்கூரத்தைக் கையால எறக்கி, சங்கிலியை நீட்டிப் படுக்கப்போட்டு, 100 அடிக்கு மேல கயிறு விட்டோம். அப்புறம் ரிவர்ஸ் கொடுத்து இழுத்துப் பார்த்தேன், மனுசன் கையப் புடிச்ச மாதிரி நின்னுச்சு. விடிய விடிய காத்து அடிச்சும் அசையல.

மறுநாள் மாமா கணக்கு சொல்லிக்கொடுத்தாரு. நங்கூரம் வெயிட்டால புடிக்கிறதில்ல, கயிறு படுத்து இழுத்தாத்தான் கொக்கி மண்ணுக்குள்ள எறங்கும், செங்குத்தா இழுத்தா அதுவே கெளப்பிவிடும். 2 பாகம்னா 12 அடி, அணியம் தண்ணிக்கு மேல 3 அடி, ஆக 15. சாதாரண நாள்ல அதுக்கு அஞ்சு மடங்கு, 75 அடி. காத்துன்னா ஏழு மடங்கு, 105 அடி. நான் விட்டது மூணு மடங்கு கூட இல்ல. நிறையப் பேரு அணியத்தோட உயரத்தைக் கணக்குல சேக்கவே மாட்டாங்க, ஆழம் கம்மியா இருக்கிற எடத்துலதான் அந்த 3 அடி பெரிய வித்தியாசம் பண்ணும். அவ்வளவு கயிறு விட எடம் இல்லன்னா அங்க நிறுத்தக்கூடாது, வேற எடம் தேடணும். பக்கத்துல நிக்கிறவங்க எவ்வளவு விட்டிருக்காங்கன்னு கேக்குறதும் முக்கியம், எல்லாரும் ஒரே அளவு விட்டிருந்தா காத்து மாறும்போது ஒண்ணாத் திரும்புவாங்க, ஒருத்தர் 40 அடி ஒருத்தர் 100 அடின்னா கட்டாயம் இடிக்கும்.

இப்ப எங்க கயித்துல 5 பாகத்துக்கு ஒரு செவப்புத் துணி கட்டியிருக்கோம், இருட்டுல கையில தடவியே எவ்வளவு போச்சுன்னு எண்ணிரலாம். அணியத்துல கயிறு உரசுற எடத்துல பழைய ரப்பர் ஹோஸைக் கீறி மாட்டியிருக்கோம், ஏன்னா அன்னைக்குக் காலையில பார்த்தா அந்த எடத்துல மூணு புரியில ஒண்ணு அறுந்து தொங்குச்சு. கயிறு ஓடும்போது சுருளுக்குள்ள கால் வைக்காதீங்க, எங்க தெருவுலயே ஒருத்தருக்குக் கணுக்கால் போயிருக்கு.

பார் மேல நங்கூரம் போடவே போடாதீங்க. பவளம் ஒடஞ்சா திரும்ப வளர வருசக்கணக்கா ஆகும், மீன் தங்குறதே அதுலதான், மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா வேற. தவறிப்போயி கல்லுல மாட்டிக்கிச்சுன்னா அதுக்கு ஒரு வழி இருக்கு: போடுறதுக்கு முன்னாடியே சங்கிலியை நங்கூரத்தோட அடியில, கொக்கி சேருற எடத்துல கட்டிட்டு, மேல வளையத்துல சின்ன நூல்கயித்தால மட்டும் சேர்த்துக் கட்டணும். மாட்டிக்கிட்டா வல்லத்தை நேரா அது மேல கொண்டுபோயி இழுத்தா நூல் அறுந்து, நங்கூரம் பின்பக்கமா உருவிக்கிட்டு வந்துரும். ஆனா புயல் ராத்திரியில அந்தக் கட்டு வேணாம், அன்னைக்குச் சங்கிலியை வளையத்துலயே போட்டு முறுக்கிருங்க.