முதலில் வளர்ச்சி, பிறகு பங்கீடா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடுகளின் வறுமைக்கு ஏற்றத்தாழ்வு முக்கியக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் பணம் இருந்தால் ஆலையை யார் கட்டுவது? சில கைகளில் பணம் சேர்ந்தால்தானே முதலீடு வரும்? தென்கொரியா சர்வாதிகாரத்தின் கீழ், பெருமுதலாளிகளை வளர்த்துத்தான் முன்னேறியது. நாட்டின் சட்டதிட்டங்களும் அதிகார முறையுமான ‘அமைப்பு’களைப் பற்றி எழுதிய மூவருக்கு 2024இல் பொருளாதார நோபல் பரிசே கிடைத்துவிட்டது. எனக்கென்னவோ ‘அமைப்பு’ என்பது எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பும் பையாகத்தான் படுகிறது.

ம.

அன்புள்ள ம.,

தென்கொரியாவின் கதையை நீங்கள் நடுவிலிருந்து சொல்கிறீர்கள். நீங்கள் சொல்லும் சர்வாதிகாரி பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தது 1961இல். நிலம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தப்படி ஒரு குடும்பம் சுமார் மூன்று ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்க முடியாது. ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கை ஐந்தாண்டுத் தவணையில் கட்டினால் குத்தகைக்காரருக்கே நிலம் சொந்தம். நிலக்கிழார்களுக்கு இழப்பீடாகக் கிடைத்த அரசுப் பத்திரங்களின் மதிப்பைக் கொரியப் போர்க்கால விலைவாசி தின்றுவிட்டது. பின்னால் வந்த சர்வாதிகாரியை மறிக்கும் பலத்தோடு ஒரு நிலக்கிழார் வர்க்கம் அங்கே மிஞ்சவில்லை. பெருமுதலாளிகள் எழுந்தது அதன் பிறகுதான். (வடக்கே கம்யூனிஸ்டுகள் 1946லேயே நிலத்தைப் பங்கிட்டிருந்தார்கள். அந்தப் பயம் இல்லாவிட்டால் தெற்கில் இவ்வளவு சீக்கிரம் மனம் வந்திருக்குமா?)

பிரேசிலில் நடந்தது வேறு. 1881ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வாக்காளராகப் பதிய எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. நாட்டில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. 1886 தேர்தலில் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பள்ளி இல்லாததால் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவர்களுக்காகப் பள்ளி கட்ட வேண்டிய அவசியம் எந்த அரசியல்வாதிக்கும் இல்லை. எழுத்தறியாதவர்களுக்கு அங்கே வாக்குரிமை திரும்பியது 1985இல்! அமைப்பு என்று நான் சொல்வது இப்படிப்பட்ட ஒரு சட்டப் பிரிவைத்தான். பணமும் நிலமும் உள்ளவர்கள் அதை எழுதுகிறார்கள், பிறகு அது அவர்களைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் உங்கள் பக்கம் சாயும் சான்று ஒன்றும் இருக்கிறது. ஸ்பானிய ஆட்சி 1573 முதல் 1812 வரை பெரு, பொலிவியா பகுதிகளில் ‘மிதா’ என்ற கட்டாய உழைப்பு முறையை நடத்தியது. இருநூறுக்கும் மேற்பட்ட சமூகங்கள், வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கைப் பொடோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் வான்கவேலிகா பாதரசச் சுரங்கத்துக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பழைய எல்லைக்கோட்டின் இருபுறமும் இன்று வாழும் குடும்பங்களைப் பொருளாதார அறிஞர் மெலிசா டெல் ஒப்பிட்டார். மிதாவுக்குள் இருந்த ஊர்களில் குடும்பச் செலவு கால் பங்கு அளவுக்குக் குறைவு. கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் சமமாக வாழ்ந்தவர்களா என்றால் இல்லை, அங்கேதான் பெரும் பண்ணைகள் இருந்தன. மிதாவுக்குள் பண்ணைகள் பெருகினால் சுரங்கத்துக்கு ஆள் கிடைக்காது என்று அரசே அவற்றைத் தடுத்துவைத்திருந்தது.

அதாவது, நிலம் அதிக ஏற்றத்தாழ்வோடு இருந்த பக்கமே தேறியிருக்கிறது. பண்ணையாரின் நிலப்பட்டா செல்லும். தன் விளைச்சல் சந்தைக்குப் போக அரசிடம் வாதாடிச் சாலை வாங்க அவரால் முடியும். மிதா ஊர்க்காரருக்கு நிலமும் உறுதியில்லை, கேட்டால் காது கொடுக்கும் அதிகாரியும் இல்லை. இதை வைத்துப் பண்ணைமுறைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க முடியாது. இரண்டு கேடுகளில் சின்னது அது, அவ்வளவுதான். கேள்வி கேட்கும் உரிமையோடும் உறுதியான பட்டாவோடும் சிறு விவசாயி அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

நீங்கள் சொன்ன நோபல் பரிசு பெற்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரைப் பற்றி ஒரு வரி. குடியேறிய ஐரோப்பியர்களின் இறப்பு விகிதத்தை வைத்துக் காலனிகளின் அமைப்புகளை விளக்கி அவர்கள் 2001இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வின் தரவுகளைப் பொருளாதார அறிஞர் டேவிட் அல்போய் 2012இல் கடுமையாகக் கேள்வி கேட்டார். அந்த எண்களை நானும் முழுதாக நம்பவில்லை. பெருவின் எல்லைக்கோடு எனக்கு அதைவிடப் பலமான சாட்சி.

கடைசியாக, சில கைகளில் சேர்ந்த பணம் முதலீடாகும் என்ற உங்கள் நம்பிக்கை. சர்வாதிகாரி போர்பிரியோ தியாஸ் ஆண்ட மெக்சிகோவில் அதைப் பார்க்கலாம். 1910இல் அங்கே மொத்தம் 42 வங்கிகள். வங்கிச் சொத்துகளில் 60 சதவீதம் இரண்டே வங்கிகளிடம். பக்கத்தில் அமெரிக்காவில் அப்போது வங்கிகள் இருபதாயிரத்துக்கும் மேல், ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. மெக்சிகோவில் புதிய வங்கிக்கு உரிமம் கிடைப்பது அரிது. இருந்த வங்கிகளின் கடன் பெரும்பாலும் அவற்றின் இயக்குநர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் போனது. ஆலை கட்டும் எண்ணம் இருந்தும் அந்த வட்டத்துக்குள் ஆள் தெரியாதவருக்கு அங்கே கடன் கிடைக்கவில்லை.