வீட்டுத் தோட்டத்தில் ஈயம் உருக்குகிறார்கள், குழந்தைக்கு ஆபத்தா?

கேள்வி: டாக்டர், எங்களுக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். மாமனார் வலை வேலை பார்க்கிறார். பழைய பேட்டரிகளை வாங்கி வந்து உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தைத் தோட்டத்தில் அடுப்பு மூட்டி உருக்கி, வலை தண்ணீரில் இறங்குவதற்கான குண்டு வார்ப்பார். வருஷத்துக்கு நாலைந்து தடவை இது நடக்கும். என் மகனுக்கு இரண்டரை வயது. அதே தோட்டத்தில்தான் விளையாடுகிறான், மண்ணை அள்ளி வாயில் போடுகிறான். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சிரப் கொடுத்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மாமனாரோ, "சின்ன வயசுலேருந்து இதைத்தான் செய்யறோம், எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" என்கிறார். உண்மையிலேயே பயப்பட வேண்டுமா? இதற்கு அரசாங்கம் என்ன செய்கிறது? எங்கே போய் என்ன டெஸ்ட் எடுப்பது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. டெஸ்ட் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், இனி அந்தத் தோட்டத்தில் ஒரு முறைகூட ஈயம் உருக்கக் கூடாது. குழந்தையை இன்றிலிருந்தே அந்த மண்ணில் விடாதீர்கள். மற்ற எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

உருக்கும்போது வரும் புகையை மட்டும்தான் பலரும் அஞ்சுகிறார்கள். புகை அன்றோடு போய்விடும். மண்ணில் விழுந்தது போகாது. பேட்டரிக்குள் தகடுகளின் மேல் அப்பியிருக்கும் பசை பெரும்பாலும் ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும்தான். உடைக்கும்போது அது தூளாக உதிர்கிறது, ஆசிட்டோடு கலந்து தரையில் ஊறுகிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியதும் மேலே ஏடாகப் படிகிற சாம்பல் நிறக் கசடை வழித்துப் பக்கத்திலேயே எறிவார்கள். அதுவும் காய்ந்து பொடியாகிறது. ஈயம் மட்காது. வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் உருக்குகிறார்கள் என்றாலும், உங்கள் பையன் அந்தத் தூசியோடு இருப்பது வருஷம் முழுவதும்.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், சின்னக் குழந்தையின் உடல் பெரியவரைப் போல நான்கைந்து மடங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் இரும்புச்சத்து குறைவாக இருந்தால் குடல் இன்னும் அதிகமாக ஈயத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன ஈயம் ரத்தம் ஊறுவதையும் தடுக்கும். மகனுடைய ரத்தக் குறைவுக்கு ஈயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை; நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் இரும்புச்சத்து போதாததும் குடல் புழுவும்தான் பெரும்பாலும் காரணம். ஆனால் ரத்தக் குறைவு, மண் தின்னும் பழக்கம், ஈயம் உருக்கிய தோட்டம் மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும்போது, சோதிக்காமல் விடக் கூடாது.

மாமனாரின் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஈயம் பெரும்பாலும் காய்ச்சலாகவோ வலியாகவோ வெளியே காட்டிக்கொள்வதில்லை. கவனம் நிற்காமை, படிப்பு ஏறாமை, முன்கோபம் என்றுதான் வெளிப்படும். அதை நாம் பிள்ளையின் சுபாவம் என்று விட்டுவிடுவோம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு (100 மி.லி. ரத்தத்துக்கு) 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் கூடுதலாக இருப்பதாக ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். பார்த்தால் எல்லோரும் ஓடியாடும் பிள்ளைகள்தான். பேட்டரி ஈயத்தின் கொடிய முகம் தெரிய வேண்டுமானால், செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய கடலோரப் பகுதியான தியாரோயில் நடந்ததை மாமனாரிடம் சொல்லுங்கள். அங்கும் வீடுகளுக்கு நடுவே பழைய பேட்டரிகளை உடைத்தார்கள், ஈயத் துணுக்குகளுக்காகப் பெண்கள் மண்ணைச் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2000-ஆம் ஆண்டில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நம் காலத்தின் மிகப் பெரிய பொதுச் சுகாதார வெற்றிகளில் ஒன்று அது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பி.வி.சி. குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தவும் 2021-இல் விதி வந்தது. பேட்டரிகளுக்கு 2001-இலேயே விதி இருந்தது. அதற்குப் பதிலாக 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன.

இத்தனை விதியும் தொழிற்சாலை வாசலையும் கடை வாசலையும் காவல் காக்கின்றன. உங்கள் தோட்டத்துக்கு எதுவும் வரவில்லை. பெயிண்ட் விதிகூட வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். படகுக்கு அடிக்கும் பெயிண்ட் அதில் அடங்காது. (ஃபைபர் படகின் பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் இடத்திலும் பிள்ளைகள் இருக்க வேண்டாம். தேய்ப்பவர் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கட்டும்.) அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்த ஈயச் சோதனை கட்டாயம். இங்கே அப்படி எல்லாக் குழந்தைக்குமான சோதனை கிடையாது. என் பார்வையில் நம்முடைய பெரிய குறை இதுதான். அளந்து பார்க்காதவரை எந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்றே தெரியாது. அதனால் சோதனையை நீங்களாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அங்கன்வாடிக்கு வந்த குழு ஆர்.பி.எஸ்.கே. என்ற, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டத்தில் வருவது. 2013-இல் தொடங்கிய இத்திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். கடும் ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் ஆகியவை அவர்கள் பட்டியலில் உண்டு. அவர்கள் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். "வீட்டில் பேட்டரி ஈயம் உருக்குகிறார்கள், பையன் மண் தின்கிறான், ரத்த ஈய அளவு பார்க்க வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மருத்துவரை உடனே உஷார்ப்படுத்துவது இந்த விவரம்தான். அங்கே வசதி இல்லையென்றால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பெரிய தனியார் ஆய்வகங்களின் சேகரிப்பு மையங்களிலும் மருத்துவர் சீட்டோடு கொடுக்கலாம். கை நரம்பில் எடுத்த ரத்தமே நம்பகமானது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

ரிப்போர்ட்டில் டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லும் அளவு எதுவும் கிடையாது. 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும், இரும்பும் கால்சியமும் குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். 45-ஐத் தொட்டால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து வேண்டும். அது மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. தோட்டம் அப்படியே இருக்க மருந்து மட்டும் கொடுத்தால் அளவு மறுபடி ஏறிவிடும். ஒன்று முதல் மூன்று மாதத்தில் திரும்பச் சோதியுங்கள். எலும்பில் சேர்ந்த ஈயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும் என்பதால் அளவு மெதுவாகவே குறையும். மனம் தளர வேண்டாம். "உடம்பிலுள்ள விஷத்தை எடுக்கும்" என்று யாராவது கொடுக்கும் பொடி, பற்பம், செந்தூரம் எதையும் குழந்தைக்குத் தராதீர்கள். சிலவற்றில் ஈயமே இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம் மெனக்கெடும் வேலைதான். உருக்கிய இடத்தைத் தோண்டாதீர்கள், சலிக்காதீர்கள், விளக்குமாறு போடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, தார்ப்பாய் விரித்து மூடுங்கள். கை ஓடும்போது நல்ல மணல் கொட்டி மேலே சிமெண்ட் தளம் போட்டுவிடுங்கள். மிச்சக் கசடையும் பேட்டரி ஓடுகளையும் மூடி போட்ட வாளியில் வையுங்கள். கெடிலம் ஆற்றிலோ கடலிலோ கொட்ட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அவற்றை என்ன செய்வது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுத் தரையை ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள். உருக்கிய சட்டி, கரண்டி சமையலறைப் பக்கம் வரக் கூடாது. வேலை செய்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பைச் சொன்ன அளவில் விடாமல் கொடுங்கள். குடல் ஈயத்தை இழுப்பதை அதுவும் குறைக்கும். வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக ஏறும், எனவே பசியோடு விளையாட விடாதீர்கள். கேழ்வரகு, கீரை, பால், முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி எல்லாம் நல்லது.

ஈயப் பாத்திரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. பேட்டரியிலும் வலைக் குண்டிலும் இருப்பது காரீயம், அது வேறு உலோகம். விலை மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம் என்பதால், உறுதியாகத் தெரியாத சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

குண்டு இல்லாமல் வலை எப்படி இறங்கும் என்று மாமனார் கேட்பார். பட்டறையில் வார்த்த குண்டைக் கடையில் வாங்கலாம். சில வலைகளுக்குச் சுட்ட மண் குண்டும் இரும்புச் சங்கிலியும் போதும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவது மட்டும் வேண்டாம். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதியதில் விலை கழிப்பார்கள். குழந்தை குண்டை விழுங்கிவிட்டால் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். இரைப்பை அமிலத்தில் அது கரையும். உடனே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

உங்கள் தெருவில் வேறு வீடுகளிலும் உருக்குவார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு வீடு மட்டும் நிறுத்திப் பயனில்லை. பெண்கள் சேர்ந்து திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மண்ணைப் பரிசோதிக்க வேண்டும், குழந்தைகளுக்கு ரத்த ஈயம் பார்க்க முகாம் வேண்டும், வலைக் குண்டு மீன்வளத் துறை மூலம் நியாய விலையில் வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள். புதுச்சேரிப் பக்கத்து மீனவ ஊர்களில் இருப்பவர்களுக்கு அது வேறு நிர்வாகம். அவர்கள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தை அணுக வேண்டும். மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலப்பது சாதாரணமாக இருந்தது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அதிகாரிகள், பொருளில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு சந்தைக்குள்ளேயே போய்ச் சோதித்து அபராதம் போட்டார்கள், வியாபாரிகளிடமும் மக்களிடமும் ஆபத்தை எடுத்துச் சொன்னார்கள். 2021-இல் அது பூஜ்யமானது. அதே வகைக் கருவியால் மண்ணிலும் ஈயத்தைப் பார்க்க முடியும்.

நீங்கள் மறுபடி கருவுற்றிருந்தால் உங்களுக்கும் அதே சோதனை தேவை. தாயின் எலும்பிலிருந்து ஈயம் கருவுக்குப் போகும். மாமனாரையும் கூடவே அழைத்துப் போய் ரத்த ஈயமும் ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்த்துவிடுங்கள். இத்தனை வருஷம் அந்த அடுப்புக்கு மிக அருகில் உட்கார்ந்தவர் அவர்தான்.