தம்பியின் ட்ரோன் லீசிங்குக்கு நான் பிணை நிற்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கிளிநொச்சியில் ஆசிரியை. வீடு வட்டக்கச்சியில். என் தம்பிக்கு 21 வயது, உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவன். விமானி ஆக வேண்டும் என்பது சிறு வயது முதலே அவன் பிடிவாதம். வர்த்தக விமானி உரிமம் எடுத்து முடிக்க ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபா வரும் என்று இரத்மலானையில் விமானப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் சொன்னார்களாம். இப்போது வேறொருவரின் ட்ரோனை வைத்து வயலுக்கு மருந்து அடிக்கிறான். சொந்தமாக ஒன்று எடுத்தால் அந்த உழைப்பிலேயே படித்துவிடலாம், ட்ரோன் ஓட்டிய அனுபவம் விமானி வேலைக்கும் கணக்கில் வரும் என்கிறான். ட்ரோனும் பற்றரிகளும் 40 இலட்சம். அம்மாவின் நகையை அடகு வைத்து 10 இலட்சம் கட்ட, மீதிக்கு லீசிங். மாதம் 91,000 ரூபா, நான்கு வருடம். ஏக்கருக்குச் செலவு போக 1,700 ரூபா மிஞ்சும் என்று கணக்குச் சொல்கிறான். பிணைக்கு என் கையெழுத்து வேண்டுமாம். அம்மாவோ வயலையே விற்றுக் கொடுக்கலாம் என்கிறா. ரொரன்ரோவில் இருக்கும் மாமாவும் கொஞ்சம் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். தம்பியின் திட்டத்தில் இரண்டு கதைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்று பரவாயில்லை, மற்றது பிழை.

பிழையானதை முதலில் சொல்கிறேன். ட்ரோன் ஓட்டிய மணித்தியாலம் விமானி உரிமத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கணக்கில் வராது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சி நெறி என்றால் 150. அதில் 100 மணித்தியாலம், பயிற்சி நெறியில் 70, தானே பொறுப்பான விமானியாக இருந்து ஓட்டியதாக இருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாம் விமானத்துக்குள் இருந்து ஓட்டிய நேரம். சிமுலேட்டரில் இருந்து பழகிய நேரத்திலேயே ஒரு சிறு பங்கைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், வரம்பில் நின்று ஓட்டிய நேரத்தை எப்படி ஏற்பார்கள்? பெரிய விமானத்துக்குக் கப்டனாக வேண்டுமென்றால் 1,500 மணித்தியாலம். ஆளில்லா விமானம் ஓட்டுபவருக்கு என்று வேறாகவே ஒரு உரிமம் உண்டு. அதில் எவ்வளவு உயரம் போனாலும் அது இந்தப் பக்கம் வராது.

உதவியே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. காற்றைப் பார்த்து வேலையைத் தொடங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கிற பழக்கம், வான்பரப்புச் சட்டம், அனுமதி கேட்கிற ஒழுங்கு, ஒவ்வொரு பறப்பையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது. பாடப் பரீட்சையில் இவை அவனுக்குப் புதிதாக இராது, நேர்முகத்தில் பேசவும் ஒரு விடயம் கிடைக்கும். அதற்காக 40 இலட்சத்துக்குச் சொந்த ட்ரோன் தேவையில்லை, இப்போது செய்கிற கூலி வேலையே போதும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ட்ரோனைப் பதிவதும் விமானிக்கு உரிமம் கொடுப்பதும் ஒரே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைதான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இரணைமடுவில் விமானப்படை முகாம் இருக்கிறது. அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் பறக்கவிட்டுப் பிடிபட்டால், நாளைக்கு விண்ணப்பம் கொண்டுபோக வேண்டிய இடத்திலேயே அவன் பெயர் கெட்டுப்போகும்.

அடுத்தது காசுக் கணக்கு. மாதம் 91,000 என்றால் வருடத்துக்கு 10,92,000. ஏக்கருக்கு 1,700 மிஞ்சினால், தவணையை மட்டும் கட்டவே வருடம் 640 ஏக்கருக்கு மேல் அடிக்க வேண்டும். இது நடக்காத கணக்கு இல்லை. கெட்டிக்காரன் என்றால் ஆயிரம் ஏக்கரும் பிடிப்பான். ஆயிரம் ஏக்கர் என்றே வைப்போம். 17 இலட்சத்தில் தவணை போக ஆறு இலட்சம் சொச்சம். அடகு வட்டி இருக்கிறது, தம்பி அதை மறந்துவிட்டான். பற்றரி மாற்ற வேண்டி வரும், திருத்த வேலை வரும், அவனும் சாப்பிட வேண்டும். வருடம் நான்கு இலட்சம் கையில் நின்றாலே பெரிய காரியம். நான்கு வருடத்தில் 16 இலட்சம். அதில் 10 இலட்சம் கொடுத்து அம்மாவின் நகையை மீட்டால் மிச்சம் ஆறு. அவனுக்குத் தேவை ஒரு கோடியே இருபது. ஐந்தாம் வருடத்திலிருந்து தவணை இல்லையே என்று சொல்வான். ஆனால் நான்கு வருடம் மருந்துக்குள் கிடந்த இயந்திரம் அப்போது எந்த நிலையில் இருக்கும் என்று அவனுக்கே தெரியும்.

அந்த ஆயிரம் ஏக்கரும் வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை. காலபோகத்தில் எல்லோருக்கும் ஒரே கிழமையில் மருந்து அடிக்க வேண்டும், அந்தக் கிழமையில் மழையும் பெய்துகொண்டிருக்கும். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவு காணிக்குத்தான் விதைப்பு. சோளகக் காற்று அடிக்கிற நேரத்தில் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். பாதிப் பேர் வெட்டின பிறகு தருகிறேன் என்பார்கள். லீசிங்காரன் அறுவடை வரைக்கும் பொறுப்பானா? 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதை நிறுத்தினார்கள். அப்படி ஒரு தடை வந்தாலும் தவணை நிற்காது. ஆகவே இதை உழவு இயந்திரம் எடுத்து வாடகைக்கு விடுகிற தொழிலைப் போலத்தான் பார்க்க வேண்டும். தொழிலாகச் செய்ய விருப்பமென்றால், ட்ரோன் வைத்திருப்பவரோடு பங்குக்குச் சேர்ந்து இரண்டு போகம் பார்க்கட்டும். எத்தனை ஏக்கர், எவ்வளவு காசு கைக்கு வந்தது, எவ்வளவு கடனில் நிற்கிறது என்று கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பி இல்லாமல் லீசிங் பற்றிப் பேசவே வேண்டாம்.

விமானிக் கனவை நான் மறிக்கவில்லை. 65 வயது வரை விமான நிறுவனத்தில் ஓட்டலாம், 25இலோ 27இலோ தொடங்குவது பிந்தியதல்ல. ஆனால் ஒரு கோடியே இருபது இலட்சம் அந்தப் பாதையின் நடுவில்தான் கொண்டுபோய் விடும். உரிமம் எடுத்த பிறகு ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சி தனி. அதைச் சொந்தக் காசில் செய்ய வேண்டி வந்தால் டொலரில்தான் கட்ட வேண்டும். உள்ளூர்ப் பயிற்சிக் கட்டணமும் எரிபொருள், உதிரிப்பாகம் என்று டொலரோடுதான் ஏறும். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360க்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ரூபாவில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குச் சேர்த்த தொகை அப்படியே இருக்க, படிப்புத்தான் எட்டாமல் போனது. அதனால் மாமா உதவுவது உறுதியென்றால், தம்பி பெயரில் வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்கே டொலராக அனுப்பச் சொல்லுங்கள். ரூபாவுக்கு மாற்றி அம்மாவின் கணக்கில் போட வேண்டாம். மாமாவிடம் வருடத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். "கொஞ்சம் உதவுவேன்" என்பதை நம்பிப் பயிற்சி தொடங்கி, அறுபது மணித்தியாலத்தில் காசு முடிந்து நிற்பதுபோல வீண் வேறில்லை. இடைவெளி விட்டால் பழகியதும் மறந்து, அந்த மணித்தியாலத்துக்குத் திரும்பவும் காசு கட்ட வேண்டி வரும்.

இந்த வருடம் தம்பி செலவழிக்க வேண்டியது ஒன்றுக்குத்தான்: விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறை, காது, இதயம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று அங்கே வெளிவரலாம். முழுப் பயிற்சிக் காசோடு பார்த்தால் அது ஒரு தூசு. அதில் தேறினால், இரத்மலானையில் இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் காசு கட்டிப் பயிற்றுநரோடு பறந்து பார்க்கட்டும். உயர்தரப் பெறுபேற்றுக்கு அறிவியல்நகர்ப் பொறியியல் பீடமோ வவுனியாப் பல்கலைக்கழகமோ கிடைக்கிற நிலை இருந்தால், அதை விட்டுவிட்டு ட்ரோனுக்குப் பின்னால் போவதை நான் ஒப்பமாட்டேன்.

இனி உங்கள் கையெழுத்து. நீங்கள் பிணை நின்ற கடன், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று பதிந்து வைக்கிற கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயருக்கும் கீழே பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி அதைப் பார்க்கும். தம்பி இரண்டு தவணை விட்டால் கடிதம் உங்கள் பாடசாலை முகவரிக்கும் வரலாம். ஆசிரியர் சம்பளத்தில் மாதம் 91,000ஐ உங்களால் தனியே கட்ட முடியுமா? முடியாதென்றால், தம்பி கோபிப்பான் என்பதற்காகக் கையெழுத்து வைக்க வேண்டாம். கோபம் ஒரு தைப்பொங்கலோடு போய்விடும்.

வயலை விற்கிற கதை தொடங்க முன்னமே நின்றுவிடலாம். இரணைமடுவுக்குக் கீழுள்ள குடியேற்றத் திட்டக் காணிகள் பல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள், நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்திருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். அம்மாவின் பெட்டியில் இருப்பது பெர்மிட்டா, அளிப்பா, உறுதியா என்று பார்த்து, பின்னுரித்தாளியாக, அதாவது அம்மாவுக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, யாரை எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்க்காமல் வாங்க வருகிற யாரிடமும் அம்மா முற்பணம் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.